முடிச்சைத் தொட்டுப் பார்ப்பவள்

மெத்தைக் கடையில் வேலை பார்ப்பவனுக்கு மலை ஏறுகிறவள் மனைவியாக வாய்த்தால் என்ன ஆகும் என்று கேட்டால், அனுபவத்தில் சொல்கிறேன்: வீட்டில் நல்ல மெத்தை ஒன்று வீணாகக் கிடக்கும். கடையில் இருப்பதிலேயே உயர்ந்த ரகத்தை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். அவள் படுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப மெத்துன்னு இருக்குங்க, உள்ள விழுந்துட்ட மாதிரி இருக்கு" என்றாள். அடுத்த வாரம் ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தாள். வந்து, நன்றாகத் தூங்கினேன் என்று வேறு சொன்னாள். நான் வாடிக்கையாளரிடம் முதுகெலும்பைப் பற்றி மூச்சு விடாமல் பேசுகிறவன். என் பேச்சு எடுபடாத ஒரே ஆள் என் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

பார்த்தால் மலை ஏறுகிறவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒல்லியான உடம்பு, மூக்குக் கண்ணாடி, அதிகம் பேசாத வாய். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அகலமான கைப்பிடி வைத்த நாற்காலி, கலர் கலராக மூடி போட்ட குழாய்கள், பஞ்சு டப்பா, ரப்பர் பட்டை. உள்ளே வருகிற யாருக்கும் அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. ஜன்னலைப் பார்ப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள், சிலர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜபம் பண்ணுவார்கள். அவளும் கண்ணை மூடுவாள். ஆனால் அது வேறு காரணத்துக்கு.

ரப்பர் பட்டையைக் கட்டியதும் விரல் நுனியை முழங்கை மடிப்பில் வைத்து, கண்ணை மூடி, அமுக்கி அமுக்கி விடுவாள். "கண்ணுக்குத் தெரியிற நரம்பு ஏமாத்தும். மேலாப்புல பச்சையா தெரியும், ஊசி போட்டா ஓடிப்போயிடும். விரலுக்குத் தெரியிறதுதான் நிஜம். அமுக்கினா திரும்பி எழும்பணும், உங்க மெத்தை மாதிரி" என்பாள். என் தொழிலுக்கு அவள் கொடுத்த ஒரே மரியாதை அது. மற்றவர்கள் குத்திக் குத்திக் கைவிட்ட கேஸ்கள் எல்லாம் அவளிடம்தான் வரும். கீமோ எடுத்து நரம்பெல்லாம் சுருங்கிப்போனவர்கள், வயதானவர்கள், கையை நீட்ட மாட்டேன் என்று அலறும் குழந்தைகள். ஒரே குத்து. வலிக்கும் முன்னே பஞ்சு வைத்துவிடுவாள் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு.

மலை எப்படி வந்தது என்றால், ஆஸ்பத்திரி ஊழியர்கள் சேர்ந்து போன ஒரு சுற்றுலாவில். எல்லோரும் பாதி வழியில் இருந்த டீக்கடையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இவள், இதோ வந்துவிடுகிறேன் என்று மேலே போனவள், பஸ் கிளம்பும் நேரம் ஆகியும் வரவில்லை. தேடிப் போனவர்கள் கண்டது, முழங்காலில் தோல் உரிந்து, தலையெல்லாம் முள்ளும் சருகுமாக, சிரித்துக்கொண்டே இறங்கி வந்த என் மனைவியை. வீட்டுக்கு வந்தபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது. கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் நான் பார்க்காத சிரிப்பு. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

"மேல போனா அப்படி என்னதான் தெரியுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியல. ஒரே மேகம்."

"அப்புறம் என்னத்துக்கு?"

யோசித்துத்தான் சொன்னாள். "கீழ இருந்தா ஒரே நேரத்துல பத்து விஷயம் மண்டைக்குள்ள ஓடும். அங்க ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த பிடி எங்க இருக்கு. அது கிடைச்சா அதுக்கு அடுத்தது. வேற எதுவும் இல்ல. எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. நாற்காலி போட்டு ஏறி பல்பு மாற்றினாலே எனக்கு உள்ளங்கால் கூசும். ஆனால் அன்றிலிருந்து வாரக் கடைசிகள் என் கையை விட்டுப் போயின. முதலில் சின்னக் குன்று. பிறகு பாறை ஏறக் கற்றுக்கொடுக்கும் ஒரு கிளப். பிறகு கயிறு, கொக்கி, ஆணி வைத்த பூட்ஸ். துணி வைக்கும் அலமாரியில் பாதி அவற்றுக்குப் போனது. எனக்கு உள்ளுக்குள் பயம். வெளியே கேலி பேசுவேன். உச்சி வரை போகாமல் திரும்பி வரும் நாட்களில், "என்ன, வாசல் வரைக்கும் போயிட்டு காலிங்பெல் அடிக்காம வந்துட்டியா?" என்பேன். மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. திரும்ப வேண்டிய நேரத்தைக் கீழேயே பேசி வைத்துவிடுவார்கள். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்பிவிட வேண்டும். அவள் அதில் ஒரு தடவைகூடப் பேரம் பேசியதில்லை. அந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் நான் தூங்கினேன்.

அவளோடு கயிற்றில் ஏறுகிறவன் ஒரு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். அவளை அக்கா என்பான், அதனால் நான் மாமா. நான் அவனுக்கு வைத்த பெயர் பிரேக்கு. கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவசர பிரேக்கை மிதித்து மிதித்து, சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் அவன் வலது கால் தரையை அமுக்கும். டிவியில் கார் வேகமாக வந்தால் போதும், எங்கள் வீட்டுத் தரை விரிப்பு ஒரு சாண் நகர்ந்துவிடும்.

அவர்கள் இருவரும் பழகியதே கூத்து. ஏதோ காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்க வந்தவன், ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்துவிட்டான். தண்ணீர் தெளித்து எழுப்பியபோது அவன் முதலில் பார்த்தது அவள் மணிக்கட்டில் இருந்த கயிற்றுத் தழும்பை. "நீங்க ஏறுவீங்களா?" என்றான். மலை முகட்டில் தலைகீழாகத் தொங்குகிறவன் ஊசிக்கு மயங்குவானா என்று நான் வருஷக்கணக்கில் அவன் காலை வாரியிருக்கிறேன். அவன் கோபப்பட்டதே இல்லை. "மாமா, கயிறு நான் கட்டினது. ஊசி அக்கா கையில இருக்கு. வித்தியாசம் இல்லையா?" என்பான்.

கயிற்றில் ஏறுகிறவர்கள் கிளம்பும் முன் ஒருவர் முடிச்சை மற்றவர் பார்க்க வேண்டும். அது எல்லா இடத்திலும் உள்ள விதி. என் மனைவி அதிலும் தன் ரத்த அறைச் சட்டத்தைக் கொண்டுவந்து புகுத்தினாள். கண்ணால் பார்த்தால் போதாது. கண்ணை மூடிக்கொண்டு, வெறும் விரலால் முடிச்சு முழுக்கத் தடவிப் பார்த்து, "பாத்தாச்சு" என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் முதல் கால் எடுத்து வைப்பார்கள். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் ஹாலிலேயே ஒரு ஒத்திகை நடக்கும். மேஜையை ஓரம் தள்ளிவிட்டுக் கயிற்றை விரித்துப் போடுவார்கள். அவள் அதன் மொத்த நீளத்தையும் விரல்களுக்கு நடுவே ஓடவிடுவாள். உள்ளே இழை நைந்திருந்தால் அந்த இடம் மட்டும் தொளதொளவென்று இருக்குமாம். மேலே உறை புதுசு போலவே தெரியுமாம். பிறகு இடுப்புப் பட்டை மாட்டி, முடிச்சுப் போட்டு, கண்ணை மூடித் தடவி, பாத்தாச்சு, பாத்தாச்சு. நான் சோபாவில் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பேன். எனக்கு முடிச்சுப் போட வராது. ஆனால் பார்த்துப் பார்த்து, சரியான முடிச்சு எப்படி இருக்கும் என்பது கண்ணில் பதிந்துவிட்டது. எட்டு என்ற எண் போல முதலில் ஒரு தளர்ந்த முடிச்சு. அதன் நுனியை இடுப்பு வளையத்துக்குள் நுழைத்து, முடிச்சு வந்த வழியே திரும்பக் கொண்டுபோக வேண்டும். முடித்ததும் எந்தப் பக்கம் பார்த்தாலும் கயிறு ஜோடியாக ஓடும். ஒற்றையாக ஓடினால் தப்பு.

போன குளிர்காலத்தில் ஒரு பனி முகட்டில் அந்தச் சட்டமே அவளுக்கு வினையாகிவிட்டது. விடியும் நேரம், பயங்கரக் காற்று. ஓரிடத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் நெற்றி விளக்கில் முடிச்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இவள் இரண்டு கையுறைகளையும் கழற்றினாள். ஒன்றை அக்குளில் இடுக்கினாள், ஒன்றைப் பல்லில் கடித்தாள். கண்ணை மூடி பிரேக்கின் முடிச்சைத் தடவி, "பாத்தாச்சு" என்று வாயைத் திறந்தாள். பல்லில் இருந்தது காற்றோடு போய்விட்டது. மாற்றுக் கையுறை ஒரு ஜோடி எப்போதும் வைத்திருப்பாள். முந்தின நாள் பிரேக்கின் கையுறை நனைந்துவிட்டதென்று அதை அவனுக்குக் கொடுத்திருந்தாள். அவன் கழற்றித் தருகிறேன் என்று மன்றாடியும் வாங்கவில்லை. மிச்சமிருந்த ஒன்றையே இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டபடி இறங்கினாள். ஒரு கை முழுசாகப் போவதற்குப் பதில் இரண்டு கையிலும் விரல் நுனிகள் மட்டும் உறைந்தன.

நுனிகள் கறுத்தன, கொப்பளித்தன, தோல் கழன்றது. உள்ளிருந்து ரோஜா நிறத்தில் புதுத் தோல் வந்தது. ஒரு விரலும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அப்பாடா என்றார்கள். பிரேக்கு எங்கள் ஹாலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். டாக்டர், உணர்ச்சி மெதுவாகத்தான் வரும், சிலருக்கு வராமலும் போகலாம், வரவில்லை என்றால் என்னிடம் வந்து சொல்லுங்கள் என்றார். அவள் தலையாட்டினாள்.

வரவில்லை. அவள் போய்ச் சொல்லவும் இல்லை.

எனக்குத் தெரிந்தது அடுப்படியில். கொதிக்கும் சட்டியின் மூடியை வெறும் கையால் எடுத்தாள். கீழே வைக்காமல், அதைப் பிடித்தபடியே உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோல் கருகும் நாற்றம் எனக்கு வந்தது. ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். அவள் விரலைத் திருப்பிப் பார்த்து, "அப்படியா" என்றாள். யாரோ பக்கத்து வீட்டுச் செய்தி சொன்னதுபோல.

"எத்தனை நாளா?"

"மொதல்லேருந்தே."

"திரும்ப வேலைக்குச் சேர்றப்போ பரிசோதனை பண்ணாங்களே?"

"விரலை மடக்கச் சொன்னாங்க, மடக்கினேன். ஊசியை எடுக்கச் சொன்னாங்க, பாத்துப் பாத்து எடுத்தேன்." பிறகு, "கொஞ்ச நாள்தான். வந்துரும். யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. வந்துவிடும் என்று நானும் நம்பினேன். அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று கேட்டால், எனக்கே சரியாக நினைவில்லை. வீட்டில் சண்டை இல்லை, சிரிப்பும் இல்லை. சட்டைப் பொத்தானைக் கண்ணாடி முன் நின்று பார்த்துப் பார்த்துப் போட்டாள். சில்லறை கையிலிருந்து நழுவினால் குனிந்து பொறுக்காமல் அப்படியே விட்டாள். நான் கேலி செய்தால் முன்பெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். இப்போது கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். மரத்துப்போனது விரலோடு நிற்கவில்லை என்று தோன்றியது. எனக்குமே, கடைக்குப் போகிறோம், மெத்தையைப் பற்றிப் பேசுகிறோம், வருகிறோம் என்று எல்லாம் தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல இருந்தது.

ரத்த அறையில் என்ன செய்கிறாள் என்று ஒரு நாள் கேட்டேன். பச்சையாகத் தெரியும் நரம்பாகப் பார்த்துக் குத்துகிறேன் என்றாள். கஷ்டமான கேஸ் வந்தால்? பக்கத்தில் இருக்கும் புதுப் பெண்ணிடம், "நீ பழகிக்கோ" என்று தள்ளிவிடுகிறாளாம். அந்தப் பெண் அக்கா எவ்வளவு நல்ல மனசு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். சொல்லிவிட்டு அவள் சுவரைப் பார்த்தாள். கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது.

அந்தச் சமயத்தில்தான் பிரேக்கு வந்தான். வானம் தெளிந்துவிட்டது, அதே முகட்டுக்கு மறுபடி போகலாமா என்று கேட்டான். தயங்கித் தயங்கித்தான் கேட்டான். "கை எப்படி இருக்குக்கா?" என்றான். அவள் இரண்டு கையையும் அவன் முன்னால் நீட்டித் திருப்பிக் காட்டினாள். ரோஜா நிறம் மங்கி, நல்ல விரல்களாகத்தான் இருந்தன. "பாரு, புதுசு" என்றாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. அவள் முகத்திலும் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு அசைவு தெரிந்தது. அதைப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

அவன் போனதும் கேட்டேன். "சொல்லலையே?"

"கண்ணால பாத்துக்கறேன். எல்லாரும் அப்படித்தானே பாக்கறாங்க?"

"கண்ணு ஏமாத்தும்னு இத்தனை வருஷமா சொன்னது யாரு?"

அவள் மேஜையில் இருந்த டீ தம்ளர்களை எடுக்கப் போனாள்.

"அவன் உயிரு உன் விரல்ல இருக்குன்னு நெனச்சுட்டு வர்றான். அவன்கிட்ட சொல்லிடு. சொல்லிட்டுப் போ."

"சொன்னா கூட்டிட்டுப் போக மாட்டான்."

"அதான் சொல்றேன்."

"எனக்கு வேற ஒண்ணும் இல்லீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரியில என் வேலையை அந்தப் பொண்ணு பாக்குது. வீட்டுல எதைத் தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கு. சட்டியும் ஒண்ணுதான், உங்க கையும் ஒண்ணுதான். அங்க போனாலாவது ஏதாவது தெரியுமான்னு பாக்கணும். ஒரே ஒரு தடவை."

உங்க கையும் ஒண்ணுதான் என்றது எனக்குச் சுருக்கென்றது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் பிரேக்குக்கு போன் போடலாமா வேண்டாமா என்பதே யோசனை. போடவில்லை. கட்டிக்கொண்டவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. அவளே சொல்லிவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பும் நேரம் வந்தால் திரும்புகிறவள் அல்லவா அவள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஹாலில் வழக்கம்போல மேஜையை ஓரம் தள்ளினார்கள். கயிறு விரிந்தது. அவள் அதை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டாள். அதே வேகம், அதே நிதானம். பிரேக்கு அவள் கையைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தான். நான் டீயோடு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கயிற்றில் ஓரிடம் நைந்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

பிரேக்கு இடுப்புப் பட்டையை மாட்டி முடிச்சுப் போட ஆரம்பித்தான். நுனியை வளையத்துக்குள் நுழைத்தான், முடிச்சுக்குள் திரும்பக் கொண்டுபோனான், பாதியில் அவன் போன் அடித்தது. வண்டி ஓட்டப் பழகும் ஒரு பெண்ணின் அப்பா. நாளைக்கு லைசென்ஸ் தேர்வு, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எந்தக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்று அவர் இவனிடம் விளக்கம் கேட்கிறார். இவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "மூணையும் பாக்கணும் சார், மூணையும்" என்றபடியே கயிற்று நுனியை எங்கோ செருகினான். போனை வைத்தான். "அந்தாளு பொண்ணைவிட பயந்திருக்காரு மாமா" என்று சிரித்தான். முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு அவள் முன்னால் போய் நின்றான்.

எட்டின் மேல்பாதியில் கயிறு ஒற்றையாக ஓடியது.

எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். விரல்கள் முடிச்சின் மேல் போயின. கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, ஒவ்வொரு வளைவாக, எப்போதும் செய்வது மாதிரியே. அந்த ஒற்றை இடத்தின் மேலும் போயின. நிற்பாள் என்று பார்த்தேன். நிற்கவில்லை.

"பாத்தாச்சு" என்றாள்.

கண்ணைத் திறந்தாள். இப்போது பார்ப்பாள், கண்ணால் பார்த்துக்கொள்கிறேன் என்றுதானே சொன்னாள் என்று காத்திருந்தேன். அவள் முடிச்சைப் பார்க்கவில்லை. பிரேக்கின் முகத்தைப் பார்த்தாள். அவன் நம்புகிறானா என்று பார்த்தாள். அவன் தலையாட்டிவிட்டு அவள் முடிச்சைப் பார்க்கக் கையை நீட்டினான்.

இந்த மலை ஏறுவது நிற்க வேண்டும் என்று எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருக்கிறேன். அவள் தன் வாயால் ஒரு நாள், போதும்ங்க என்று சொல்வாள் என்று கனவு கண்டவன் நான். அது என் வாயிலிருந்து வரும் என்று நினைத்ததே இல்லை. அவன் கை அவள் இடுப்பு வரை போய்விட்டது.

"மாப்ள, உன் முடிச்சுல ஒரு இடத்துல கயிறு ஒத்தையா இருக்கு" என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. வலது கால் தரையை அமுக்கியது, அமுக்கியபடியே இருந்தது. மெதுவாக முடிச்சை அவிழ்த்தான். யார் தப்பு என்று யாரும் பேசவில்லை. தன் தப்பு என்றுதான் அவன் முதலில் நினைத்திருப்பான். போன் வந்ததைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு நிறுத்திவிட்டு அவள் கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் டீ தம்ளரைப் பார்த்தேன்.

அவள் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். தன் கட்டைவிரல் நகத்தை அவளுடைய ஆள்காட்டி விரல் நுனியில் வைத்து, நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினான். அவள் என் பக்கம் திரும்பியிருந்தாள்.

"தெரியுதாக்கா?" என்றான்.

"எங்க அழுத்துறே?" என்றாள்.

அவன் கையை விட்டுவிட்டான். "உங்க மேல கோபம் இல்லக்கா. அந்தக் கையுறையை நீங்க எனக்குத் தந்தது நான் சாகறவரைக்கும் மறக்காது. ஆனா உங்ககூட ஏற முடியாது" என்றான். அவள், "தெரியும்" என்றாள். அவன் இடுப்புப் பட்டையைக் கழற்றினான். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். கயிற்றை அவளே சுற்றி வைத்தாள். நான் உதவி செய்யப் போனேன், வேண்டாம் என்றாள்.

திங்கட்கிழமை அவளாகவே ஆய்வகப் பொறுப்பாளரிடம் போய், என் விரலில் உணர்ச்சி இல்லை, என்னை ஊசியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். நான் கேட்கவில்லை, அவளே வந்து சொன்னாள். இப்போது முன்பக்க மேஜையில் உட்கார்ந்து குழாய்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டுகிறாள். வெளியே பெஞ்சில் காத்திருந்தபடி மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் என்ன சாப்பிட்டோம் என்று பேசும் வயதானவர்கள், உள்ளே போகும் முன் அவளிடம், "நீங்க குத்த மாட்டீங்களா?" என்று கேட்கிறார்களாம். புதுப் பெண் நன்றாகக் குத்துவாள் என்று சொல்லி அனுப்புகிறாளாம்.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் என் மனைவி வீட்டில் இருந்தது எனக்கே புதிதாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு இருவரும் அந்த உயர்ந்த ரக மெத்தையில் படுத்திருந்தோம். இதற்குத்தான் நான் ஏங்கினேன். வெளியே யாரோ வண்டி கழுவும் சத்தம் கேட்டது. எனக்கு சந்தோஷமாக இல்லை. திருடிக்கொண்டு வந்த சாமான் மேல் படுத்திருப்பதுபோல இருந்தது.

"அன்னிக்கு நான் சொல்லாம இருந்திருந்தா நீயே சொல்லியிருப்பே" என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. "ராத்திரிக்குள்ள சொல்லியிருப்பே. இல்லேன்னா அடிவாரத்துல. எனக்குத் தெரியும் உன்னை."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"இல்லீங்க" என்றாள். "போயிருப்பேன்."

"சும்மா இரு."

"நெஜமா. நானும் அதைத்தான் யோசிச்சுட்டே இருக்கேன். எந்த இடத்துல திரும்பியிருப்பேன்னு தேடித் தேடிப் பாக்கறேன். எந்த இடமும் வரல. மேல வரைக்கும் போயிருப்பேன். அவனைக் கட்டிக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

எனக்குத்தான் கண்ணில் நீர் வந்தது. அவள் கண்கள் காய்ந்தே இருந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் குனிந்து, நான் பிடித்திருக்கிறேனா என்று பார்த்துத் தெரிந்துகொண்டாள்.